வசந்தாமணி மாற்றிய தேதி

1

இந்தக் கதை எனக்குக் காரில் கிடைத்தது. பிஸ்கட்டவேயிலிருந்து வெஸ்ட் வின்ட்சருக்கு அலுவலகம் போகும் நாற்பது நிமிடங்களில், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று, மூன்று வருடங்களாகத் துண்டு துண்டாகக் கிடைத்தது. காரை ஓட்டியவர் நஜ்முதீன். பக்கத்து இருக்கையில் நான். அவர் சொன்னார், நான் கேட்டேன். எனக்கும் இந்தக் கதைக்கும் அவ்வளவுதான் தொடர்பு.

எழுதட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுதுங்க ஷ்யாமளா. ஆனா பேர் எல்லாம் மாத்திடுங்க. ஆன்ட்டி பேர கண்டிப்பா மாத்திடுங்க."

மாற்றியிருக்கிறேன். ஊர்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்த வரி இது:

"1998 மார்ச் மாதத்தின் ஒரு காலையில், சாலையோரத்தில் கறுத்துப்போன பனி இன்னும் உருகாமல் கிடக்க, நஜ்முதீன் தன்"

அங்கேயே நிறுத்திவிட்டேன். அமெரிக்காவைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகப் பனிக்குப் போய்விடுகிறது. அன்றைக்குப் பனி இல்லை, மழை.

இரண்டாவது: "ஒரு மனிதரின் காலை எடுக்க, விட்டுப்போன ஒரு வரி போதும்." கெட்டிக்காரத்தனமான வாக்கியம். நான்கு நாள் சந்தோஷமாக வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "வசந்தாமணி ஒரு தேதியை மாற்றினார்."

இதில் அலங்காரம் எதுவும் இல்லை. நடந்ததும் இதுதான். ஆனால் இந்த நான்கு வார்த்தைகளை இன்றுவரை யாரும் நம்பவில்லை. வசந்தாமணியும் நம்பவில்லை. எனவே இதையே தொடக்கமாக வைத்துக்கொள்கிறேன்.

2

வீட்டுக்கே நர்ஸ்களை அனுப்பிவைக்கும் ஏஜென்சிகளுக்கு எங்கள் கம்பெனி மென்பொருள் செய்து கொடுத்தது. எந்த நோயாளி வீட்டுக்கு எந்த நர்ஸ் என்றைக்குப் போக வேண்டும் என்று காட்டும் ஒரு திரை. திரை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பொத்தானுக்கும் பின்னால் பத்து இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். இதை அழுத்தினால் இது நடக்கட்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் கட்டளை. அந்தத் திரையின் ஸ்கிரிப்ட்களை எழுதியவர் நஜ்முதீன். கீழக்கரைக்காரர், முப்பத்தொரு வயது. அவரைக் கொண்டுவந்த கம்பெனிதான் அவருடைய க்ரீன் கார்டுக்கும் விண்ணப்பித்திருந்தது.

பிஸ்கட்டவேயில் இருந்த ஒரு ஏஜென்சியில் அந்தத் திரையைப் பயன்படுத்தியவர் வசந்தாமணி. பொள்ளாச்சிப் பக்கம். ஐம்பத்தைந்து வயதில், கணவர் போன பிறகு, மகளோடு இருக்க வந்தவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மார்ச்சில் அவர் உதவி கேட்டு ஃபோன் செய்தபோது முதலில் ஆங்கிலத்தில்தான் பேசினார். இரண்டு நிமிடத்தில், "நீங்க தமிழுங்களா?" என்றார்.

"ஆமா ஆன்ட்டி, சொல்லுங்க."

"தம்பி, நான் தேதிய மாத்தறனுங்க. ஸ்க்ரீன்ல மாறுது. சேவ் பண்றேன். மறுநாள் தொறந்து பாத்தா பழைய தேதியே நிக்குதுங்க."

"டெய்லி ஆகுதா?"

"இல்லீங்க, என்னைக்காச்சும் ஒருநாள். அதான் சொல்றதுக்கே கூச்சமா இருக்குது."

"சேவ் பட்டன் அழுத்தினது ஷ்யூரா ஆன்ட்டி?"

"அழுத்தினனுங்க தம்பி."

நஜ்முதீன் சோம்பேறி இல்லை. ஸ்கிரிப்டில் ஐந்து வரிக்கு ஒரு முறை 'இங்கே வந்துவிட்டேன்' என்று திரையில் சொல்லும் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்தார். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தார். தேதியை மாற்றினார், சேமித்தார், மூடினார், திறந்தார். நாற்பது முறை செய்தார். நாற்பது முறையும் புதுத் தேதி சரியாக இருந்தது.

புகாரின் கீழே ஒரு காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் இரண்டு காரணங்கள் அவருக்குப் பொருந்தின. ஒன்று, 'மறுபடி நிகழ்த்த முடியவில்லை.' மற்றது, 'பயனர் தவறு.' அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

(ஒரு குறிப்பு. ஏன் இரண்டாவது என்று வாசகர் கேட்கலாம். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் புகார் திறந்தே கிடக்கும். திறந்து கிடக்கும் புகார்களைப் பற்றி எங்கள் மேனேஜர் மகாதேவன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லோர் முன்னாலும் கேட்பார். இதில் சதி எதுவும் இல்லை. சதியாக இருந்திருந்தால் எழுத எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.)

ஜூனில் அதே புகார் மறுபடி வந்தது. நஜ்முதீன் மறுபடி இருபது முறை பார்த்தார். பழைய பதிலையே நகலெடுத்து ஒட்டினார்.

3

இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். விரித்து எழுதிய பிரதியில் ஆஸ்பத்திரி வாசனை, வெள்ளை விளக்கு எல்லாம் இருந்தன. நான் அங்கே போனதே இல்லை.

வால்டர் என்று ஒரு பெரியவர். எழுபத்தொரு வயது, தனி ஆள். சர்க்கரை நோயால் இடது பாதத்தில் புண். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, அக்டோபர் 26 முதல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நர்ஸ் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்று ஏற்பாடு. பிறகு அவரை முன்கூட்டியே அனுப்ப முடிவாகி, ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. 12ஆம் தேதியிலிருந்தே வர வேண்டும். அந்த ஃபோனை எடுத்தவர் வசந்தாமணி. 26ஐ 12 ஆக்கினார். சேமித்தார்.

நர்ஸ்களுக்கு அச்சாகிப் போன பட்டியலில் 26 என்றே இருந்தது.

இரண்டு வாரம் அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. சர்க்கரை முற்றிய பாதத்துக்கு வலி தெரியாது. நர்ஸ் வரவில்லையே என்று வால்டர் நினைத்தாராம், பிறகு, வருவார்கள், நம்மைவிட மோசமானவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். 26ஆம் தேதி சரியாக ஒன்பது மணிக்கு நர்ஸ் போய்க் கதவைத் தட்டினாள். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஏஜென்சி விசாரித்தது. மாற்றினேன் என்றார் வசந்தாமணி. எங்களிடம் கேட்டார்கள். மகாதேவன் பழைய இரண்டு புகார்களையும் அச்செடுத்து அனுப்பினார். இரண்டிலும் 'பயனர் தவறு' என்று இருந்தது. இதே தவறை ஏற்கெனவே இரண்டு முறை செய்தவர் என்பதற்கு, அவர் கொடுத்த புகார்களே சாட்சி ஆயின. அந்த வெள்ளிக்கிழமையே அவருக்கு வேலை போயிற்று.

4

நவம்பரில் ஒரு மத்தியானம். நஜ்முதீனின் மனைவி மஹ்பூபா அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, பல் டாக்டரிடம் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரிசீவர் அவருடைய இடது கையில். வேறு ஏதோ வேலைக்காக அதே திரையைத் திறந்து வைத்திருந்தார். வலது கை விரலால் ஒரு தேதியை மாற்றினார். அதே கையால் மௌஸைப் பிடித்து மேலே இருந்த சேவ் பொத்தானை அழுத்தினார். மூடினார். திறந்தார்.

பழைய தேதி.

"ஏங்க? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் மஹ்பூபா.

மறுபடி செய்தார். பழைய தேதி. பத்து முறை செய்தார். பத்து முறையும் பழைய தேதி.

விஷயம் இவ்வளவுதான். ஒரு கட்டத்தில் நாம் அடிப்பது, அந்தக் கட்டத்தை விட்டு வெளியே வந்தால்தான் கணக்கில் சேரும். டேப் விசையைத் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம், அடித்தது சேர்ந்துவிடும். நேராக மௌஸை எடுத்து சேவ் அழுத்தினால், நாம் இன்னும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருப்பதாக இயந்திரம் நினைக்கும். கண்ணுக்குப் புதுத் தேதி தெரியும். உள்ளே சேமிப்பது பழையது. வழக்கமாக வசந்தாமணி தேதியை மாற்றிவிட்டு நேரத்தையும் நர்ஸ் பெயரையும் மாற்றுவார், அதனால் தேதி பிழைத்துக்கொள்ளும். தேதியை மட்டும் மாற்றிய நாட்களில் பிழைக்காது. நஜ்முதீனோ எதை அடித்தாலும் உடனே இடது கையால் டேப் தட்டிவிடுகிற ஆள். அறுபது முறையும் தட்டியிருக்கிறார், தட்டுவது தெரியாமலேயே.

சேமிக்கும் முன், கட்டத்துக்குள் இருப்பதையும் எடுத்துக்கொள் என்று ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தார். சரியாகிவிட்டது. மகாதேவனின் அறைக்குப் போனார்.

கதவைச் சாத்தச் சொன்னார் மகாதேவன். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. உங்க கிட்டதான் ஃபர்ஸ்ட்."

"குட். சைலன்ட்டா நெக்ஸ்ட் வெர்ஷன்ல போட்டுடு. அங்க லாயர் எல்லாம் இன்வால்வ் ஆயிருக்காங்க நஜ்மு. கம்பெனி மூடிட்டா உன் க்ரீன் கார்டு என்னாகும்? யோசி."

"அந்த ஆன்ட்டிக்கு வேலை போயிடுச்சு."

"தெரியும்ப்பா. நீ போய் சொன்னா அந்தக் கால் திரும்ப வருமா?"

புது வெர்ஷனோடு போன தாளில் நஜ்முதீன் எழுதியது: 'திரையில் சிறு மேம்பாடுகள்.'

5

இங்கே இரண்டு திருத்தங்கள் செய்தாக வேண்டும்.

முதல் திருத்தம். இரண்டாம் பிரதியில் மஹ்பூபாவை ஏழு மாதக் கர்ப்பிணியாக எழுதியிருந்தேன். வேலை போனால் வயிற்றுப் பிள்ளையோடு நாட்டை விட்டுப் போக வேண்டுமே என்ற பயத்தில் நஜ்முதீன் வாயை மூடிக்கொண்டதாக. நீங்கள் அவரை மன்னித்துவிட வேண்டும் என்பதற்காக நான் செய்த வேலை அது. அவள் கர்ப்பமாக இல்லை. பயந்துபோன பெண்ணும் இல்லை. நடந்ததை அவர் சொன்ன அன்றைக்கே அவள் சொன்னது இது:

"சொல்லிடுங்க. வேலை போனா போவட்டும். ஊருக்குப் போயிடலாம். இதை வச்சிக்கிட்டு எப்படிங்க தொழுகைல நிப்பீங்க?"

அவர்தான், "பார்க்கலாம்" என்றார்.

இரண்டாவது திருத்தம், எனக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு பற்றி. அவர் சொன்னார், நான் கேட்டேன் என்று எழுதியிருந்தேன். நான் அந்தக் கம்பெனியில் டெஸ்டர். புதுத் திரை எதுவும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. அந்தத் திரையைச் சோதித்தவள் நான். என் சோதனைத் தாளில் ஏழாவது படி இப்படி இருக்கும்: 'தேதியை மாற்றவும். டேப் தட்டவும். சேமிக்கவும்.' எழுதியதும் நான்தான். டேப் தட்டாமல் ஒருத்தர் நேராகச் சேமிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மார்ச் புகாருக்கும் ஜூன் புகாருக்கும் நஜ்முதீன் என்னைத்தான் கூப்பிட்டார். நானும் தாளை வைத்துக்கொண்டு ஏழாவது படியைப் பத்துப் பத்து முறை செய்தேன். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று பிரதிகளில் என்னை நீக்கிவிட்டுத்தான் எழுதினேன். கதை ஒழுங்காகவே ஓடியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

6

1999 ஜனவரி. எடிசனில் ஓர் இந்திய மளிகைக்கடை. முருங்கைக்காய் எந்தப் பக்கம் என்று நஜ்முதீன் யாரிடமோ தமிழில் கேட்டார். பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்க ஃபோன்ல பேசின தம்பிதானுங்களே?"

பச்சை ஸ்வெட்டர், தலையில் மங்க்கி கேப், கையில் கறிவேப்பிலைப் பொட்டலம். அவர் வசந்தாமணியைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. எப்படி இருக்கீங்க ஆன்ட்டி என்றார்.

"இருக்கறனுங்க. நடந்தது தெரியுமில்லீங்க?"

"தெரியும். ஆன்ட்டி, அது வந்து..."

"நீங்களே ரெண்டு தடவ செக் பண்ணி ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க. மெஷின் எதுக்குங்க பொய் சொல்லப்போவுது? நான்தான் அழுத்த மறந்திருப்பேன். அழுத்தினாப்புலதான் ஞாபகம் இருக்குது. ஆனா அந்த ஞாபகத்த என்னன்னு நம்பறது?"

அவரே பேசிக்கொண்டு போனார். வால்டர் இப்போது ஓர் இல்லத்தில் இருக்கிறாராம். பழைய ஏஜென்சி நர்ஸ் ஒருத்தி இடத்தைச் சொன்னாளாம். சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். தான் யார் என்று அந்தப் பெரியவரிடம் சொல்லவில்லையாம். சர்ச்சிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறாராம்.

"எம் பொண்ணுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா திட்டுவா."

அடுத்த சனிக்கிழமை நஜ்முதீன் அவரைக் காரில் அழைத்துப் போனார். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "அங்க வெச்சு சொல்லிடலாம்னுதான்" என்றார். ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலியில் வால்டர் இருந்தார். வசந்தாமணி கைப்பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்து, கொட்டை நீக்கி, சுளை சுளையாக அவர் கையில் வைத்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. வால்டர் நஜ்முதீனைப் பார்த்து, நீ இவளுடைய மகனா என்றார். இல்லை என்று நஜ்முதீன் தலையாட்டினார். "என்னைப் பார்க்க வருவது இவள் ஒருத்திதான். நல்ல பெண்மணி" என்றார் வால்டர்.

திரும்பும் வழியில் மூன்று சிக்னலில் வண்டி நின்றது. மூன்றிலும் நஜ்முதீன் வாயைத் திறந்தார். மூன்றாவதில், "ஆன்ட்டி, ஒரு விஷயம்" என்பது வரை வந்துவிட்டது.

"பச்ச விழுந்திருச்சுங்க தம்பி" என்றார் வசந்தாமணி.

(இந்த இடத்தில் நான் அவரைச் சொல்ல வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். காரை ஓரம் கட்டுகிறார், அழுகிறார், வசந்தாமணி அவர் தோளில் கை வைக்கிறார். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அவர் காரை ஓட்டிக்கொண்டு போய் மகள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.)

அந்தக் கோடையிலேயே வசந்தாமணி ஊருக்குத் திரும்பிவிட்டார். போகும் முன் நஜ்முதீனிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெரியவர இடையில ஒருக்கா போய்ப் பாத்துக்குங்க தம்பி." நஜ்முதீன் நான்கு முறை போனார். பிறகு போகவில்லை. 2001 பிப்ரவரியில் உள்ளூர்ப் பத்திரிகையின் இறப்புச் செய்திகளில் வால்டரின் படம் வந்தது. இரண்டு வரிச் செய்தி.

7

அதே வருடம் ஜூனில் நஜ்முதீனுக்கு க்ரீன் கார்டு வந்தது. அந்த வாரமே பொள்ளாச்சிக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் என்னையும் உட்காரவைத்துக்கொண்டார். எனவே இந்த உரையாடலில் நான் எதையும் சேர்க்கவில்லை.

"ஆன்ட்டி, நீங்க தேதிய மாத்தினீங்க. சேவ்வும் பண்ணினீங்க. தப்பு எங்க ப்ரோக்ராம்ல. நான் எழுதினதுல. அப்பவே கண்டுபிடிச்சிட்டேன் ஆன்ட்டி, சொல்லல."

நஜ்முதீன் டேப் விசையையும் கட்டத்தையும் விளக்கிக்கொண்டே போனார்.

"தம்பி" என்றார் வசந்தாமணி மெதுவாக. "உங்களுக்குப் பெரிய மனசுங்க. அவ்வளவு தூரத்துலருந்து கூப்பிட்டு எனக்கு ஆறுதல் சொல்லணும்னு உங்களுக்கென்னங்க?"

"ஆறுதல் இல்ல ஆன்ட்டி, நெஜம்."

"நெஜமா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்களே. கார்ல கூட்டிட்டுப் போனீங்க, கூடவே உக்காந்திருந்தீங்க. சொல்லாம இருக்கற ஆளுங்களா நீங்க?"

நஜ்முதீன் என்னைப் பார்த்தார். நான் பேசியிருக்கலாம். ஏழாவது படியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத விடுங்க. அந்தப் பெரியவரு எப்படி இருக்காருங்க? போய்ப் பாக்கறீங்களா?"

"நல்லா இருக்கார் ஆன்ட்டி."

"அப்பாடா" என்றார். சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த ஒரு பதிலை அவர் உடனே நம்பிவிட்டார்.

கதையை இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். ஆனால் ஆகஸ்டில் ஒரு பார்சல் வந்தது. ஊட்டியில் வாங்கிய கம்பளி மஃப்ளர், சாம்பல் நிறம். அதோடு நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் நான்கு வரி. வால்டருக்கு ஜன்னல் பக்கம் குளிரும், இதைக் கழுத்தில் சுற்றிவிடவும், சுற்றியபடி ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பினால் போதும், வேறொன்றும் வேண்டாம். நஜ்முதீன் அதை என் மேசையில் வைத்துவிட்டு, "என்னால முடியல ஷ்யாமளா. நீங்கதான் எழுதறவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வால்டர் இறந்துவிட்டார் என்று எழுதினால், அந்தச் சாவையும் வசந்தாமணி தன் கணக்கில் வைத்துக்கொள்வார். என் கையெழுத்துப் போட்ட சோதனைத் தாளை நகலெடுத்து அனுப்பினால், இன்னொரு நல்ல மனசு என்பார். யாராவது ஒரு கிழவரின் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிப் படம் பிடித்து அனுப்பவும் என்னால் முடியும், அது எனக்கே தெரிகிறது. மூன்று முடிவுகளையும் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றும் இலக்கணப் பிழை இல்லாமல் இருக்கின்றன. மூன்றையும் கிழித்துவிட்டேன்.

மூன்று வாரமாகக் கடிதம் இந்த அளவில்தான் நிற்கிறது. மேலே எழுத உங்களுக்கு வந்தால் எழுதுங்கள். எனக்கு வரவில்லை.

"அன்புள்ள வசந்தாமணி ஆன்ட்டிக்கு, மஃப்ளர் வந்து சேர்ந்தது. அந்தப் பெரியவர்